சாமிக்கு எடுத்து வைத்த அரிசி

“பை எங்க, பாக்கியம்?”

தனபாலன் அடுப்படி வாசலில் நின்று கேட்டபோது பாக்கியலட்சுமி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதவள் போல இன்னும் கொஞ்ச நேரம் கரைத்தாள். கரைக்கக் கரைக்கப் புளி தீருமே தவிர, புருஷன் கேட்ட கேள்வி தீருமா?

“உன்னத்தான் கேக்கறேன்... பிடி அரிசிப் பை!”

“ஆணியில மாட்டியிருக்குங்க.”

எடுத்துப் பார்த்தான். வெறும் பை. துவைத்து, மடித்து, சவுக்காரம் மணக்கும் வெறும் பை!

“இன்னைக்குமா?” அவன் பையை உதறிக் காட்டினான். “நேத்து ஊரே சுதந்திரம் வந்துருச்சு, மெர்டேக்கான்னு கொண்டாடிச்சு. இன்னைக்கு நம்ம கோயில் திறக்குற நாள். புக்கிட் ரம்பாய் தோட்டத்துச் சனங்ககூடக் கையில பையோட வருவாங்க. இடம் குடுத்த வீட்டுக்காரி வெறுங்கையோட நிப்பாளா? எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?”

பாக்கியம் புளிச் சக்கையைப் பிழிந்து போட்டாள்.

“குடுக்க மனசில்லாதவ முன்னால வந்து உக்கார வேணாம். அடுப்படியிலேயே இரு!”

“சரிங்க.”

அவன் போன பிறகுதான் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு குழம்பைக் கூட்டினாள். அழுவதற்கும் நேரம் வேண்டுமே!

தனபாலன் கெட்டவன் இல்லை. நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரன். கிராணியாகக் கணக்கெழுதும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டை ஒட்டிய காலி இடத்தில் தானே தகரம் அடித்து அந்த ஜெபக்கூடத்தை எழுப்பினான். ஆணியை அடித்ததைவிட விரலை அடித்ததுதான் அதிகம். மலாக்கா காஜா பெராங்கில் தமிழில் ஏசுவைக் கும்பிட ஒரு கூரை வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையில் அவனுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணில் படாமல் போய்விட்டது.

அதற்கு முன்பெல்லாம் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் ஆராதனை. அதற்காக அம்மாவின் முருகன் படத்தைக் கழற்றி அடுப்படியில் மாட்டினான். அன்றைக்கே அவன் அம்மா சாரதாம்பாள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெங்கேராவில் மகள் கோகிலா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது தெருவே கேட்கச் சொன்னாள்: “இனி உன் வீட்டு அரிசி ஒரு மணி என் தொண்டையில இறங்காது!” பாக்கியம் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். “நீயும் வாய மூடிக்கிட்டுத்தானே நின்ன?” என்று அத்தை அந்தக் கையை உதறிவிட்டாள்.

பிறகு கோகிலாவின் புருஷனுக்கு வேலை போயிற்று. ஒருநாள் அவள் வந்து பாக்கியத்தின் மடியில் விழுந்து அழுதாள். “அம்மா பசியில்லன்னு பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குது அண்ணி... அண்ணனுக்குச் சொல்லிடாதீங்க. அது அரிசி மூட்டையத் தூக்கிட்டு வந்து நிக்கும். அம்மா தெருவுல கொட்டிட்டுப் பட்டினியே கெடந்து செத்துப்போகும்!”

அதற்கு முன்னால் சபை ஆரம்பித்த நாளிலிருந்தே, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று டின்னில் போட்டுவந்தவள் பாக்கியம். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பெண்களும் அந்த அரிசியைக் கொண்டுவருவார்கள். அதுதான் வந்தவர்களுக்கு மதியச் சோறு. இப்போதும் ஒரு வேளை தவறாமல் எடுத்து வைத்தாள். ஆனால் சனிக்கிழமைதோறும் அது கோகிலாவின் முந்தானையில் முடிச்சாகித் தெங்கேராவுக்குப் போயிற்று. சீனக் கடைக்காரத் தவுக்கே கடனுக்குக் கொடுத்தான் என்று கோகிலா அம்மாவிடம் சொல்லிவிடுவாள்.

கண்துடைப்புக்குப் பையில் நாலு பிடி போட்டு வைக்கலாமே என்று கேட்பீர்கள். பாக்கியத்துக்கு அது வராது. கொடுத்ததை ஒரு தடவைதான் கொடுக்க முடியும், இரண்டு தடவை காட்டினால் அது பொய் என்பது அவள் நியாயம்.

கூடத்தில் பாட்டு முடிந்தது. போதகர் ஜெபம் பண்ணி, காணிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மேசைமேல் பையை வைத்தார்கள். ஜெபக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

“கிராணி வீட்டுப் பை எங்க, காணோமே?” இது பொன்னம்மா. சபையின் மூத்த பெண், அன்புக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். “வாய் நெறைய ஸ்தோத்திரம், கை நெறையக் காத்து!”

யாரோ சிரித்தார்கள். பாக்கியம் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஆண்டவரே, உமக்குத் தெரியும், அது போதும்... போதும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வலித்தது.

“யாருடி அது சிரிச்சது?”

அந்தக் குரலைக் கேட்டதும் அகப்பை நழுவிக் கீழே விழுந்தது. பாக்கியம் வாசலுக்கு ஓடினாள்.

கூடத்து வாசலில் சாரதாம்பாள் நின்றிருந்தாள்! நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு துணி முடிச்சு. பின்னால் கோகிலா, அழுது வீங்கிய கண்களோடு.

“அம்மா...” தனபாலன் எழுந்தான்.

“நீ உக்காருடா. நேத்து கோகிலா வந்தப்போ, குடுக்க மனசில்லாதவன்னு இவளத் திட்டிக்கிட்டு இருந்தியாமே? அவ வாசல்ல நின்னு கேட்டுட்டு வந்து ராத்திரி பூரா அழுவுறா. உன் பொண்டாட்டி பை ஏன் வெறுசா இருக்குன்னு நான் சொல்றேன். அது வாராவாரம் என் வயித்துக்குத்தான் வந்துச்சு!”



“அத்தை... உங்களுக்குத் தெரியுமா?” பாக்கியம் கேட்டாள்.

“தெரியாம? கடையில வாங்குன அரிசி ஒரே மாதிரி இருக்கும்டி. நீ அனுப்புனதுல புழுங்கலும் பச்சையும் கலந்து கெடக்கும். வாரநாள்ல அவன் வயித்துக்குப் புழுங்கல், விருந்தாளி வந்தா பச்சை. ஒவ்வொரு உலையிலயும் ஒரு பிடி! பாதி கொழையும், பாதி வேகாது. அதத் தின்னவகிட்டயே தவுக்கே குடுத்தான்னு கதையா?”

பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க அத்தை? சபதம்...”

“உன் வீட்டு அரிசியத்தானே தொடமாட்டேன்னேன்? இது சாமிக்கு எடுத்து வச்ச அரிசி. இதத் தின்னா என் சபதம் எப்படிக் கெடும்?” என்றாள் சாரதாம்பாள். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது அழுகையாயிற்று. “அன்னைக்கு உன் கைய உதறுனேன்... அந்தக் கைதாண்டி எனக்குச் சோறு போட்டுச்சு. நீ பேச்சு வாங்கிக்கிட்டு நின்ன, நான் தின்னுட்டு சும்மா இருந்தேன்... என்ன மன்னிச்சிரு தாயி!”

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை!” பாக்கியம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அத்தையின் திருநீறு அவள் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. சபையில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

தனபாலன் இருவர் முன்னாலும் வந்து நின்றான். “கோயில் கட்டுனேன், கோயில் கட்டுனேன்னு திரிஞ்சேன்... உன்ன அடுப்படியில உக்கார வச்சிட்டேனே பாக்கியம்!” என்று எல்லோர் முன்னாலும் அழுதான். “வீட்டுக்கு வந்துரும்மா. முருகன் படத்த உன் ரூம்ல நானே மாட்டித் தர்றேன்.”

“வரேன். மாப்பிள்ளைக்கு ஒரு வேலை கெடைக்கட்டும், அதுவரைக்கும் கோகிலாவத் தனியா விட முடியாது.”

“அப்ப இனிமே சனிக்கிழமை அரிசிய நானே கொண்டாறேன்.”

“கொண்டா. கலந்தே கொண்டா, பழகிப்போச்சு.”

போதகரே சிரித்துவிட்டார். சாரதாம்பாள் துணி முடிச்சைப் பாக்கியத்தின் கையில் வைத்தாள். “நேத்து வந்தது. முடிச்சக்கூட அவுக்கல. போய் மேசையில வை. நடுவுல வை, எல்லாருக்கும் தெரியட்டும்!” பாக்கியம் நடந்துபோனாள். பொன்னம்மா எழுந்து தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

ஆராதனை முடிந்ததும் சாரதாம்பாள் யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போனாள். வந்த அரிசியை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் களைய உட்கார்ந்தாள். உலையில் போடுமுன் எட்டி அந்த டின்னை எடுத்தாள். ஒரு பிடி அரிசி அள்ளி உள்ளே போட்டு மூடினாள்.

பாக்கியம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பாக்குற? சாமிக்குத்தான்” என்றாள் சாரதாம்பாள். “எந்தச் சாமிக்குன்னு மட்டும் கேக்காத.”