உள்ளே பார்க்கும் கேமராக்கள்

மகன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதில்தான் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது.

"சாப்டியாப்பா?" என்று அவள் ஹால் கேமராவைப் பார்த்துக் கேட்டாள். அவள் வாய் மூடுவதற்குள், "ஆச்சும்மா, நீ?" என்றது அதற்குள்ளிருந்த குரல். முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு இணைப்புக் கொடுத்தவள் அவள். கடல் தாண்டும் பேச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி போய்ச் சேர வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும், நடுவில் மனசுக்குள் 'ஒன்று' என்று எண்ணுகிற அளவுக்கு ஒரு வெறுமை இருக்கும். புதிதாகப் பேசுகிறவர்கள் அந்த வெறுமையில் பயந்துபோய் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். உள்ளூர்ப் பேச்சுக்குத்தான் அந்த வெறுமை கிடையாது. இந்தக் காலத்து மெஷின் எல்லாம் வேகம், நமக்கென்ன தெரியும் என்று தன் காதையே அதட்டி வைத்தாள்.

கேமரா வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் தனியாக இருப்பதால் பாதுகாப்புக்கு இங்கிருந்தே நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று வெளிநாட்டில் இருக்கிற மகன் இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னான். அதற்கப்புறம் வேலை அவனை விழுங்கிவிட்டது. பிறகு ஒரு மழை நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் பெட்டி இருந்தது. யார் வைத்துவிட்டுப் போனது என்று தெரியவில்லை. முகவரிச் சீட்டு ஈரத்தில் ஊறி, மை பரவி, ஓர் எழுத்தும் படிக்கிற மாதிரி இல்லை. உள்ளே நான்கு கேமராக்கள், அவற்றை இணைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று, யாருக்கும் புரியாத எழுத்தில் ஒரு கையேடு. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த அலமாரியின் வாடை அடித்தது. வெளிநாட்டுச் சாமான் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாட்டிக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் கையேட்டில் இருந்த படங்களைப் பார்த்தே சமாளித்தார். வாசலுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று அவர் சுவரில் பென்சிலால் குறி போட, அவள் நான்கையும் வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி மாட்டச் சொன்னாள். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அவள் படுக்கிற அறையில் ஒன்று, நடையில் ஒன்று.

"திருடன் வெளியில இருந்துதாங்கம்மா வருவான்," என்று அவர் சிரித்தார்.

"வரட்டும். என் பையன் என்னைப் பாக்கணும்."

நடையின் கோடியில் இருந்த மகனின் பழைய அறைக்கு மட்டும் கேமரா கிடையாது. ஆளே இல்லாத அறையில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் மாட்டி முடித்தும் இன்டர்நெட் மட்டும் பிடிபடவில்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, உங்கள் மகனே அங்கிருந்து ஏதாவது செய்வார் என்று எலக்ட்ரீஷியன் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் நான்கு கேமராவிலும் ஒரே நேரத்தில் நீலப் புள்ளி எரிந்தது. "அம்மா," என்றது குரல். அவள் அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கையே மாறிப்போயிற்று. மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் கடனே என்று போன் செய்கிறவன், இப்போது தினமும் பேசினான். அவள் துணி மடிக்கும்போது பேசினான், பாத்திரம் கழுவும்போது பேசினான். இடது முழங்கால் வலியில் காலை இழுத்து இழுத்து நடந்தால் ஏன்மா இப்படி நடக்கிறாய் என்று விசாரித்தான். போன் அடிக்கவே இல்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நேரில் பேசுகிற மாதிரி பேசும்போது போன் எதற்கு? ஒரே ஒரு தொல்லை, எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். முக்கியமாக, போனை வைக்கும்போது அவள் எப்போதும் சொல்கிற அந்த வரியை. "நான் நல்லா இருக்கேன்பா, நீ உடம்பப் பாத்துக்க." அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவளும் நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முந்தாநாள் அவன் வரப்போவதாகச் சொன்னான். என் அறையைத் திறந்து வை, கட்டிலைத் தட்டிப் போடு என்றான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜன்னலைத் திறந்து தூசி தட்டினாள், ஒட்டடை அடித்தாள், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பச்சைப் போர்வையை எடுத்து விரித்தாள். பள்ளிக்கூட நாளில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் தூங்குவான். போர்வையைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் மழை மேகம் கட்டியிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தாலும் வீட்டுக்குள் மூலை மூலையாக இருட்டு சேர ஆரம்பித்திருந்தது. சமையலறைக் குழாய் ஒரு சொட்டு விட்டது, நின்றது, மறுபடி ஒரு சொட்டு விட்டது. கேமராப் பெட்டியைத் திறந்த நாளில் அடித்த அதே அலமாரி வாடை, நடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் விளக்கைப் போடலாமா என்று யோசித்தபடி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னிக்குப்பா கிளம்ப—"

"பச்சைப் போர்வ நல்லா கனமா இருக்கும்மா," என்றது குரல். "தலையோட போத்திக்கிட்டேன்."

அந்த அறையில் கேமரா இல்லை.

அவள் எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கறுப்புப் பெட்டி வரைக்கும் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். நான்கு நீலப் புள்ளிகளும் அணைந்தன. குழாய் ஒரு சொட்டு விட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. மேஜைமேல் இருந்த கைப்பேசி. மகன்.

"ஹலோ," என்றாள்.

ஒன்று.

"அம்மா, ரொம்ப நாளா கூப்பிட முடியல, கோச்சுக்காத." அவன்தான். கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் அவசரம், பின்னால் வண்டிச் சத்தம். உயிருள்ள குரல். அந்த வெறுமையைக் கேட்டதும் கைப்பேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். "அந்தக் கேமரா பார்சல் திரும்பி வந்துடுச்சும்மா. உனக்கு வரவே இல்ல இல்ல? எங்கயோ மாசக்கணக்குல வெச்சிருந்துட்டு எனக்கே அனுப்பிட்டாங்க. இதோ என் முன்னாடிதான் இருக்கு, பிரிக்கக்கூட இல்ல. இந்த வருஷம் எனக்கு லீவும் கிடைக்காது. தனியா இருக்கியே, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

சொல்ல வேண்டும். கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். இல்லை, முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குதுப்பா," என்றது அவள் குரல்.

அவள் பேசவில்லை. நடையின் கோடியிலிருந்து வந்தது. சத்தமாக, தெளிவாக, நிறுத்தி நிதானமாக. "நான் நல்லா இருக்கேன்பா, நீ உடம்பப் பாத்துக்க."

ஒன்று.

அப்பாடா என்று அவன் மூச்சு விடுவது கேட்டது. "குரல் நல்லா தெம்பா இருக்கும்மா. சரி, அடுத்த மாசம் பேசறேன்."

"டேய்..." அது முனகலாகக்கூட வரவில்லை. இணைப்பு போய்விட்டது. திரும்ப அழைக்கப் பார்த்தாள். கைப்பேசி நழுவித் தரையில் விழுந்து மேஜையடிக்கோ எங்கேயோ போய்விட்டது.

கறுப்புப் பெட்டியின் பிளக் அவள் காலடியில் கிடந்தது. நான்கு கேமராவிலும் நீலப் புள்ளி மறுபடி எரிந்தது.

சாத்தியிருந்த மகனின் அறைக்குள் பேச்சு ஆரம்பித்தது.

"சாப்டியாப்பா?"

"ஆச்சும்மா, நீ?"

"முட்டி வலிதான்பா, விட மாட்டேங்குது."

"பாத்து நடம்மா."

அவள் குரல். அவன் குரல். மாற்றி மாற்றி. நடுவில் வெறுமை இல்லை. இத்தனை நாள் இந்த ஹாலில் நடந்த அதே பேச்சு, அதே சிரிப்பு. அம்மாவும் பிள்ளையும் சந்தோஷமாக இருந்தார்கள். யாரோ இரண்டு பேருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு ஒட்டுக் கேட்கிற மாதிரி அவள் நின்றாள். தன் வீட்டில். தனக்கு இடமில்லாமல்.

பேச்சு நின்றது.

குழாய் ஒரு சொட்டு விட்டது.

"அம்மா," என்றது மகனின் குரல், தணிந்து. "ஹால்ல யாரோ நிக்கறாங்க."

"நீ படுப்பா," என்றது அவள் குரல். "நான் பாத்துட்டு வரேன்."

கட்டில் முனகியது. தரையில் செருப்புச் சத்தம். இடது காலை இழுத்து. இழுத்து. கதவு வரைக்கும்.

கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.