கூண்டிலிருந்து வந்த பதில்

மென்பொருள் இன்னும் திறக்கவேயில்லை. ஆனாலும் மேசையிலிருந்த செவிப் பரிசோதனைக் கருவியில் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால், ஒலி புகாத கூண்டுக்குள் இருப்பவர் ஒலி கேட்டதும் தன் கையிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் அந்த விளக்கு எரியும். கூண்டுக்குள் யாருமில்லை.

றுக்ஷானா அதைக் கண்டாள், பொருட்படுத்தவில்லை. காலையிலிருந்து ஏறியிருந்த எரிச்சலில், பேயே வந்து நின்றாலும் வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்கச் சொல்லியிருப்பாள்.

யாழ்ப்பாண நகரிலுள்ள அந்தச் சிறிய செவிப் பரிசோதனை நிலையத்தை அவள் தனியாகத்தான் நடத்தினாள். பழைய கணினி மின்னலில் கருகிப்போனது. பளபளவென்று வந்த புதியதோ, கருவியை இயக்கும் பழைய மென்பொருளை ஏற்க மறுத்தது. ‘இந்தப் பதிப்பில் இயங்காது.’ மறுபடி சொடுக்கினாள். இயங்காது. கணினியை நிறுத்தி மறுபடி போட்டாள். இயங்காது. கருவியைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புதிய பதிப்புக் கேட்க ஆளில்லை. தகரக் கூரையில் மழை கொட்ட, புது பிளாஸ்ரிக் சூடேறும் மணமும் ஈரச் சுவரின் மணமும் கலந்து அவளுக்குத் தலையை இடித்தது.

வாங்கில் கரவெட்டியிலிருந்து வந்த தம்பிராசாவும் மனைவி பத்மாவதியும் காத்திருந்தார்கள். அவருடைய ஒரு காது சண்டைக் காலத்து ஷெல்லில் போனது. மற்றது முந்தாநாள் திடீரென அடைத்துவிட்டது. செவியின் வரைபடத்தைப் பார்த்த பிறகே மருந்து தொடங்கலாம் என்றிருந்தார் வைத்தியர். பிந்தினால் அந்தக் காதும் திரும்பாது.

பத்மாவதி கதவால் எட்டிப் பார்த்தார். “இன்னும் நேரம் செல்லுமோ பிள்ளை?”

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா. உது அடம்பிடிக்குது.”

கணினியை விற்ற குருநகர் ஜெரிசனுக்குத் தொலைபேசி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“பழைய விண்டோஸிலை ஓடுற மாதிரி அதை ஏமாத்தலாம் அக்கா. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ.”

செய்தாள். திறக்கவில்லை. பாதுகாப்புச் சோதனையை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். திரை நீலமாகி உறைந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினாள். கை வலித்ததுதான் மிச்சம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசியில், எதிர்பார்ப்பெல்லாம் விட்டுப்போன ஒரு சொடுக்கில், மங்கிய சாம்பல் நிறத்தில் அந்தப் பழைய சாளரம் விரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

“ஜெரிசன், ஒருத்தரும் அழுத்தாமல் லைற் எரியுது.”

“கருவியின்ரை ட்ரைவர் புரோகிராம் பிழையாயிருக்கும். பொத்தானைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ.”

கூண்டுக்குள் போய்ப் பொத்தானை வயரோடு பிடுங்கிவந்து மேசையில் போட்டாள். தடித்த கதவு பின்னால் மூடிக்கொண்டது. கூண்டுச் சுவரின் கொளுவியில் தொங்கிய ஹெட்போனுக்கு ஓர் ஒலியை அனுப்பினாள்.

விளக்கு எரிந்தது.

“சனியன்!” என்றாள். கையை எடுத்துவிட்டு ஒலி அனுப்பாமல் இருந்தாள். விளக்கும் எரியவில்லை. ஒலி அனுப்பினாள். எரிந்தது. குறைத்து அனுப்பினாள். எரிந்தது.

பிழையென்றால் கண்டபடி எரியும். இது காத்திருந்து எரிந்தது.

எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. கருவியின் ஆகக் குறைந்த ஒலியை அனுப்பினாள். அவள் பரிசோதித்த எவருக்கும் அது கேட்டதில்லை.

உடனே எரிந்தது.

திரையில் வரைபடம் புள்ளி புள்ளியாக நிரம்பியது. கூண்டுக்குள்ளிருக்கும் மைக் வழியாக ஏதோ வந்தது. மழையல்ல. மழை அங்கே புகாது. இழுத்து, நிறுத்தி, விடும் சத்தம்.

மூச்சு.

தலையை நிமிர்த்தினாள்.

ஹெட்போன் கொளுவியில் இல்லை. பரிசோதனைக்கு ஆள் உட்காரும் கதிரைக்கு மேலே நின்றது. அந்தரத்தில். இரண்டு காது மெத்தைகளுக்கும் நடுவே ஒரு தலையின் அகலம். அந்த இடைவெளியில், பின்னால் இருக்கும் சுவர் மட்டும் தெரிந்தது.

“அக்கா? இப்ப ஓடுதோ?” என்றான் ஜெரிசன்.

அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளிக் கதவு திறந்தது. திரையில் வரைபடத்தைக் கண்ட பத்மாவதியின் முகம் மலர்ந்தது. “ஆ, சரிவந்திட்டுது!” பின்னால் வந்த கணவரைத் தோளில் தட்டிக் கூண்டைக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

“ஐயா, வேண்டாம்!”

அவருக்குக் கேட்கவில்லை.

“போகாதேங்கோ! அம்மா, அவரைப் பிடியுங்கோ!”

“என்ன பிள்ளை?” பத்மாவதி அவள் பக்கம்தான் திரும்பினார். கணவரின் பக்கமல்ல. றுக்ஷானா எழும்பினாள். மேசையைச் சுற்றி ஓடினாள்.

தம்பிராசா தடித்த கதவை இழுத்தார். வாசல் தாழ்வானது. தலை குனிந்தபடி உள்ளே காலை வைத்தார்.

மைக்கில் வந்த மூச்சு நின்றது.

ஹெட்போன் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பிறகு, அவருடைய தலைக்கு அளவாக விரிந்தது.