ரப்பர் நுரையீரல்

ரப்பர் பைக்கு மூச்சு வாங்கத் தெரியாது. சோதனைக்காக, நோயாளியின் நுரையீரலுக்குப் பதிலாக அதை மாட்டியிருக்கும் சுவாச இயந்திரம் காற்றைத் தள்ளினால் உப்பும், விட்டால் சுருங்கும். தானாக ஒரு மூச்சைக் கேட்க அதற்குள் ஒன்றுமில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஆளரவமில்லாத ஆய்வுக்கூடத்தில், குளிர்சாதனம் நின்று சூடேறிய ரப்பர் வாடைக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள், திரையில் ‘நோயாளி கேட்ட மூச்சு’ என்று ஒரு வரி ஓடியதும் முதலில் சென்சாரைச் சந்தேகப்பட்டாள். கழற்றித் துடைத்து மாட்டினாள். வரி மறுபடியும் வந்தது. இரண்டு குட்டை மூச்சு, ஒரு நீள மூச்சு.

அப்படிக் கேட்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான்.

அவளுடைய தம்பி. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் படுக்கையில் விழுந்த பிறகும் அந்தப் பெயருக்கு அவன் குறை வைத்ததில்லை. அவள் நிரல் எழுதும் நிறுவனம் புதுச் சுவாச இயந்திரத்தை வீட்டில் வைத்துச் சோதிக்க ஆள் தேடியபோது, “எலி வேணும்னா நானே இருக்கேன்க்கா. சம்பளம் வேணாம், மூச்சு குடுத்தாப் போதும்” என்று சிரித்தான். குரலும் போன பின் இயந்திரத்தையே விசிலாக்கிக்கொண்டான். இரண்டு குட்டை, ஒரு நீளம். அந்த ‘உஸ்’ கேட்டதும் அவள் எந்த வேலையிலிருந்தாலும் வந்து நிற்பாள். பாதி நேரம் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்காது, சும்மா கண்ணடிப்பான்.

ஒரு விடியலில் அவன் குளிர்ந்திருந்தான். அபாய மணி அடிக்கவேயில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “தூக்கத்துலயே போயிட்டாரும்மா, அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது” என்றார் மருத்துவர். அவளும் நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

இப்போது அதே மாதிரி இயந்திரங்கள் நாளைக் காலை வண்டியேறப் போகின்றன, பல வீடுகளுக்கு, சில குழந்தைகளுக்கும். கூடவே வேலை பார்க்கும் பரிசோதகர் மட்டும்தான், இயந்திரம்தான் மூச்சுக் கொடுக்காமல் நின்றிருக்கும் என்ற அவள் பேச்சைக் காதில் வாங்கினார். “ஆதாரம் குடும்மா. அது தடுமாறி நிக்கறத ஒரு தடவை பிடிச்சுக் குடு, நான் வண்டிக்கு முன்னால படுத்துடறேன். வெறும் சந்தேகத்தை எவன் மதிப்பான்?”

அந்த இயந்திரத்தின் ஒரே கணினிச் சில்லுக்குள் இரண்டு குடித்தனம். மூச்சுக் கொடுக்கும் நிரல் ஒன்று, திரையைப் பார்த்துக்கொள்ளும் நிரல் இன்னொன்று. இருவருக்கும் முறைவைத்து நேரம் பங்கிடும் மேற்பார்வையாளன் ஒருவன். மூச்சுக் குடித்தனத்தின் வாசலில் ஒரு காவலாளி. நோயாளி மூச்சுக் கேட்டால் சென்சார் மணியடிக்கும். காவலாளி பலகையில் கோடு கிழித்து, உள்ளே உறங்கும் வேலைக்காரனை எழுப்புவான். மூச்சுக் கொடுப்பவன் அந்த வேலைக்காரன்தான், அபாய மணி அடிப்பவனும் அவனே. வேலை முடிந்தால் கோட்டை அழித்து, பலகை காலியா என்று பார்த்துவிட்டுப் படுப்பான்.

பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது இருக்கிறது. சரியாக அங்கே மேற்பார்வையாளன் அவனை அப்படியே நிறுத்தித் திரைக்காரனுக்கு முறை கொடுத்து, அந்நேரம் பார்த்து மணியும் அடித்தால், ஆள் இன்னும் படுக்கவில்லையே என்று காவலாளி கோடு மட்டும் கிழிப்பான், எழுப்பமாட்டான். வேலைக்காரன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, திரும்பிப் பார்க்காமல் படுத்துவிடுவான். பிறகு எத்தனை முறை மணியடித்தாலும், கோடுதான் இருக்கிறதே, சொல்லியாகிவிட்டதே என்று காவலாளி சும்மா இருப்பான். கேட்பவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

இது நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். நடப்பதைத்தான் பிடிக்க முடியவில்லை. பிடிப்பதற்காக, வேலைக்காரன் எழுவதையும் படுப்பதையும் குறித்துவைக்கும் ஒரு வரியை நிரலில் சேர்த்தால், அதை எழுதப் பிடிக்கும் துளி நேரத்தில் எல்லாம் இடம் மாறி, ஒழுங்காக நடந்துவிடும். கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும்வரை தப்பு நடக்காது. தம்பியின் இயந்திரத்திலும் அந்த வரி மாதக்கணக்கில் இருந்தது. இறுதிப் பதிப்புக்கு அது வீண் சுமை என்று ஒரு மாலையில் அவளேதான் எடுத்தாள். எடுத்துவிட்டு, அன்றிரவு அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்கினாள்.

“வாலு?” என்றாள் மெதுவாக.

பை உள்வாங்கியது. இரண்டு குட்டை, ஒரு நீளம். இயந்திரம் ‘உஸ்’ என்று காற்றைக் கொடுத்தது. அந்தக் குறிப்பு வரியை இப்போது மறுபடி சேர்த்திருந்ததால் ஒவ்வொரு முறையும் கொடுத்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் எழுந்து ஓட மனம் வரவில்லை; வெயில் சன்னலிலிருந்து மேசைக் காலுக்கு இறங்கும்வரை, தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படியே வைத்திருக்கலாம். யாருக்கும் சொல்லாமல், வரியை எடுக்காமல், காலம் முழுக்க.

நாளைக் காலை வண்டி கிளம்பிவிடும்.

“உன்னை விட்டாத்தான்டா அதைப் பிடிக்க முடியும்” என்றாள். அழுகை வந்தது. வரியை எடுத்தாள். இயந்திரத்தை மறுபடி ஓட்டினாள்.

உஸ். உஸ். உஸ்ஸ்ஸ்.

நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குழாய்க்குள் ஈரம் சலசலத்தது, எங்கோ நாற்காலி ஒன்று தானாக முனகியது, சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பழுத்து மங்கியது. பிறகு உஸ் சத்தம் நின்றது.

திரையில் பச்சை விளக்கு. அபாய மணி இல்லை.

தடுமாறி நிற்கும் இந்த நிலையிலேயே நினைவகம் முழுவதையும் கணினிக்குப் படியெடுக்க வேண்டும். முடியும்வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஆதாரம் கலைந்துவிடும். பொத்தானை அழுத்தினாள். கணினித் திரையில் நீலப் பட்டை நகரத் தொடங்கியது, எறும்பு ஊர்வதுபோல.

பை உள்வாங்கியது. இரண்டு குட்டை. ஒரு நீளம்.

காற்று வரவில்லை.

மறுபடியும். இன்னும் வேகமாக. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியும் சத்தம், உலர்ந்த உதடுகளின் சத்தம். அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பட்டை பாதிகூட வரவில்லை. தூக்கத்திலேயே போகவில்லை. கூப்பிட்டிருக்கிறான். இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தூங்க, விடியும்வரை.

“இரு வாலு. இதோ. இதோடா.”

இரண்டு குட்டை. ஒரு நீளம். ஒரு குட்டை. ஒரு குட்டை.

பட்டை முடிந்தது. பரிசோதகருக்கு ‘அனுப்பு’ என்பதைத் தட்டினாள். பாய்ந்து குழாயைப் பிடுங்கினாள், மின்கம்பியைப் பிடுங்கினாள். இயந்திரம் அணைந்தது.

மேசைமேல் பை தனியாகக் கிடந்தது. குழாய் இல்லை. காற்று இல்லை. கழுத்துத் துளை அவளைப் பார்த்திருந்தது.

உள்வாங்கியது.

அவள் யோசிக்கவில்லை. அதைக் கையிலெடுத்து, துளையில் வாய் வைத்து ஊதினாள். பை உப்பியது. அடங்கியது. வாயை எடுத்தாள். உடனே கேட்டது. ஊதினாள்.

கைப்பேசி அடித்தது. ஒரு கையால் துழாவி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“கிடைச்சுடுச்சும்மா!” என்றார் பரிசோதகர். “பார்த்துட்டேன், வண்டியை நிறுத்திட்டாங்க. ஒண்ணும் கிளம்பாது. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா.”

பதில் சொல்ல அவளுக்கு வாய் ஒழியவில்லை.

“ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?” என்றார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “அங்க உன்கூட இன்னொருத்தர் யாரும்மா?”

பையிலிருந்து அவள் வாய்க்குத் திரும்பி வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தலை சுற்றியது. ஒரே ஒரு மூச்சு தனக்காக இழுக்கத் தலையைத் தூக்கினாள்.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

அவள் குனிந்தாள்.