பச்சைத் தாடை

சத்திபாபு எடுக்கிற படங்களில் எல்லோருக்கும் தாடை பச்சையாக விழுந்தது.

மணப்பெண்ணுக்கும் பச்சைத் தாடை. மீசை முறுக்கிய போஸ்ட்மாஸ்டருக்கும் பச்சைத் தாடை. பல்லே முளைக்காத குழந்தைக்கும் அதே தாடைதான். நெற்றி சரியாக இருக்கும், மூக்கும் கன்னமும் சரியாக இருக்கும். தாடைக்கு அடியில் மட்டும், கீரை மசித்த கையால் யாரோ தடவிவிட்டது போல இளம்பச்சை!

சங்கராந்தி முடிந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. சத்திபாபு வேறு பிலிம் வாங்கிப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துத் துடைத்துத் துணியே கிழிந்தது. பல்பை மாற்றினார். பச்சை போகவில்லை.

"லேப்லதான் ஏதோ கோளாறு" என்றார்.

"லேப் கோளாறுன்னா முகம் முழுக்க பச்சையாகணும், சத்தி. பிலிம் கோளாறுன்னா பின்னாடி இருக்கற திரையும் பச்சையாகணும். இது என்ன, தாடையை மட்டும் தேடிப் போய் உக்காருது?" என்றாள் கஸ்தூரி.

கஸ்தூரியும் ஸ்டூடியோ வைத்திருப்பவள்தான். அமலாபுரம் கடைத்தெருவில் மூன்று ஸ்டூடியோக்கள். ஒன்று கஸ்தூரியுடையது. இரண்டாவது சத்திபாபுவுடையது. மூன்றாவது, வெண்தாடி இஸ்மாயிலுடையது. மூன்று பேரும் போட்டி போட வேண்டியவர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்கு விடுமுறை. அன்று மதியம் மூவரும் கஸ்தூரியின் ஸ்டூடியோவில் கூடிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. அந்த வாரம் எடுத்ததில் ஒரு படத்தை ஒவ்வொருவரும் கொண்டுவருவார்கள். படத்தின் பின்னால் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். துணி காயப்போடும் கிளிப்பால் அவற்றைக் கயிற்றில் வரிசையாக மாட்டுவார்கள். பிறகு ஆளுக்கொரு சீட்டு. அதில் இரண்டு வரி எழுத வேண்டும். குறை என்று ஒரு வரி, அதைச் சரிசெய்ய வழி என்று ஒரு வரி. சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது.

'குறை: கழுத்து இருட்டாக இருக்கிறது. வழி: விளக்கைக் கொஞ்சம் இறக்கவும்.' இஸ்மாயிலின் படத்துக்கு வாராவாரம் இந்தச் சீட்டு வரும். அவரும் வாராவாரம் விளக்கை இறக்குவார். கழுத்து மட்டும் வெளிச்சத்துக்கு வராது.

சீட்டு எழுதும் உரிமை நான்காவதாக ஒருவருக்கும் உண்டு. கஸ்தூரியின் மகள் ஹைமா. ஐந்தாம் வகுப்பு. அந்த உரிமையைக் கேட்டு அடம்பிடித்து வாங்கியிருந்தாள்.

மூன்று வாரம் முன்பு, கயிற்றில் இரண்டாம் எண் படம் தொங்கியது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண். அழகான சிரிப்பு. பச்சைத் தாடை.

ஹைமாவுக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. யார் கையெழுத்து என்று தெரியாதபடி, சீட்டில் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

'குறை: இந்த அம்மாவுக்குத் தாடையில் பாசி பிடித்திருக்கிறது. தேங்காய் நாரால் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள்.'

வழி என்ற வரியை அவள் எழுதவில்லை. பாசியைத் தேய்ப்பதே வழி என்று வைத்துக்கொண்டாள்.

சீட்டை வாசித்தபோது இஸ்மாயில் மிளகாய் பஜ்ஜி புரையேறச் சிரித்தார். கஸ்தூரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சத்திபாபு சிரிக்கவில்லை. எழுந்தார். இரண்டாம் எண் படத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேலை இருக்கு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை.

மூன்றாவது செவ்வாய், கயிற்றில் இரண்டே படங்கள். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"சத்தி ஸ்டூடியோவை மூடப் போறானாம். மச்சானோட இறால் குளத்துக்குக் காவல் இருக்கப் போறானாம்" என்றார் இஸ்மாயில்.

"இறால் குளமா! அவனுக்குத் தண்ணியப் பாத்தாலே பயமாச்சே" என்றாள் கஸ்தூரி.

"பயம்தான். ஆனா கேமராவத் தொடவே மனசு வரலயாம். அன்னைக்கு அந்தப் படம் யாருதுன்னு நினைச்சே? அவன் தங்கச்சி லோவகுமாரியோடது. மறுநாள் அவ வேலைக்கு மஸ்கட் போனா. கையில கொடுத்தனுப்பத்தான் எடுத்திருக்கான். நாம சிரிச்ச சிரிப்புல அந்தப் படத்தைப் பையிலேருந்து வெளியவே எடுக்கல. அவ படமில்லாமலே பிளேன் ஏறிட்டா."

கஸ்தூரி கயிற்றில் காலியாகக் கிடந்த கிளிப்பைக் கழற்றினாள்.

"பாசின்னு எழுதினதை யாருன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது" என்றாள் கஸ்தூரி. ஆனால் இஸ்மாயிலைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் கேக்கல" என்றார் இஸ்மாயில். அவர் கஸ்தூரியைப் பார்த்துச் சொன்னார்.

ஹைமா பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள். மாமா முறையில் அவள் மாவய்யா என்றழைக்கும் இஸ்மாயிலை அம்மா சந்தேகப்படுகிறாள். மாவய்யா அம்மாவைச் சந்தேகப்படுகிறார். அடுத்த செவ்வாய்க்குக் கயிற்றில் ஒரு படமாவது தொங்குமோ என்னவோ! அந்த மஞ்சள் புடவைக்காரியின் சிரிப்பு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வாயால் சொல்ல வராது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நேராகச் சத்திபாபுவின் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

வாசலோடு நின்றாள். ஒரு போட்டோகிராபரின் படமெடுக்கும் அறைக்குள் இன்னொரு ஸ்டூடியோக்காரர் கால் வைப்பதில்லை. விளக்கை எங்கே வைக்கிறார், எவ்வளவு உயரத்தில் வைக்கிறார் என்பதெல்லாம் அவரவர் ரகசியம். செவ்வாய்க் கூட்டத்துக்குப் படங்கள் வரும். அறைகள் வருவதில்லை.

"யாரது? ஹைமாவா? உள்ள வா பாப்பா" என்றார் சத்திபாபு. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. "நீ என்ன ஸ்டூடியோக்காரியா வாசல்ல நிக்கறதுக்கு? ரோல்ல ஒரே ஒரு படம் மிச்சமிருக்கு. உன்னை எடுத்து முடிச்சிடறேன். கடைசிப் படம்."

ஹைமா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு குடை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"தலையைத் தூக்கு."

ஹைமா தூக்கவில்லை.

"எங்கிட்ட என்ன வெட்கம்? தூக்கும்மா."

"முடியல பாபாய்" என்றாள் ஹைமா. சிறு வயதிலிருந்து அவரை அவள் சித்தப்பா முறையில் பாபாய் என்றுதான் கூப்பிடுவாள். "பாசின்னு எழுதினது நான்தான்."

கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது.

சத்திபாபு கேமராவை விட்டு விலகி நின்றார். கீழே விழுந்த தாளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நீயா?" என்றார் கடைசியில். "நான் கஸ்தூரி அக்கான்னு நினைச்சேன். மூணு வாரமா அவங்க கடை வாசல் பக்கமே போகாம, மீன் மார்க்கெட்டைச் சுத்திப் போய்ட்டிருக்கேன். சட்டையெல்லாம் மீன் நாத்தம்."

ஹைமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"லோவக்காவோட படத்தைத் திரும்ப எடுக்க முடியாதா பாபாய்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வருவா. எடுக்கலாம். ஆனா அது ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த முகமா இருக்காதில்ல."

ஹைமா தாளை எடுக்கக் குனிந்தாள். அழுகை வந்ததால் உடனே எழுந்திருக்கவில்லை. முழங்காலிட்டபடியே தாளைக் கூரை போலக் கண்ணுக்கு மேலே பிடித்து, அவர் பார்க்காதபடி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்படியே அசையாமல் இருந்தாள். வெள்ளைத் தாளின் அடிப்பக்கம் பச்சையாக இருந்தது!

புரட்டினாள். இப்போது அடியில் வந்த பக்கம் பச்சை. மேலே போன பக்கம் வெள்ளை. மறுபடி புரட்டினாள். மறுபடியும் அதே கதை. எந்தப் பக்கம் தரையைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பச்சை.

குனிந்து தரையைப் பார்த்தாள். கிளிப்பச்சை நிறத்தில், பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் பாய்.

"பாபாய், இந்தப் பாய் எப்ப வந்துச்சு?"

"சங்கராந்தித் திருவிழாவுல லோவா வாங்கிக் கொடுத்தா. சிமெண்ட் தரை சில்லுன்னு இருக்கு, வெறுங்காலோட நிக்கற குழந்தைங்க அழறாங்கன்னு..." சத்திபாபு பாதியில் நிறுத்தினார்.

ஹைமா தாளை அவர் தாடைக்குக் கீழே படுக்கையாகப் பிடித்தாள். "குனிஞ்சு அடியில பாருங்க."

பார்த்தார். பாயின் ஒரு முனையைச் சுருட்டிவிட்டு மறுபடி பார்த்தார். தாள் வெளுத்தது. பாயை விரித்தார். தாள் பச்சையானது.

விளக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் முகத்துக்கு வருவதில்லை. தரையில் விழுந்து, பந்து போல எழும்பி, கீழிருந்தும் வருகிறது. எழும்பும்போது தரையின் நிறத்தையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வருகிறது. முகத்தில் கீழ்நோக்கி இருப்பது தாடையின் அடிப்பக்கம். நிறம் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

"பிலிமைச் சந்தேகப்பட்டேன், லேபைச் சந்தேகப்பட்டேன்" என்றார் சத்திபாபு. "தங்கச்சி கொடுத்ததை எவன் சந்தேகப்படுவான்?"

"பாயை எடுத்துடலாமா?"

"ஊஹூம். அது இங்கதான் இருக்கணும்."

ஹைமா யோசித்தாள். கொடியில் அவருடைய வெள்ளை வேட்டி தொங்கியது. "அப்ப படம் எடுக்கறப்ப மட்டும் மேல இதை விரிச்சா?"

விரித்தார்கள். ஹைமா ஸ்டூலில் ஏறித் தலையைத் தூக்கினாள். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. சத்திபாபு கடைசிப் படத்தை எடுத்தார்.

அன்று மாலையே ஹைமா அம்மாவிடமும் மாவய்யாவிடமும் போய், பாசி யார் எழுதியது என்று சொல்லிவிட்டாள். கஸ்தூரி இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அதை ஹைமா ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க் கூட்டம் சத்திபாபுவின் படமெடுக்கும் அறையிலேயே நடந்தது. கஸ்தூரியும் இஸ்மாயிலும் வாசலில் தயங்கினார்கள்.

"வாங்க வாங்க. நீங்க முன்னாடியே ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா என் பிலிமெல்லாம் மிஞ்சியிருக்கும்" என்றார் சத்திபாபு.

கயிற்றில் ஹைமாவின் படம் தொங்கியது. தாடையில் பச்சை இல்லை. இஸ்மாயில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"கழுத்தைப் பாரு கஸ்தூரி! இருட்டே இல்ல! வெள்ளை வேட்டி கீழேருந்து வெளிச்சம் கொடுத்திருக்கு. நான் ஒரு வருஷமா விளக்கை இறக்கி இறக்கி முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம்!"

"உங்க வேட்டியும் இனிமே தரைக்கா மாவய்யா?" என்றாள் ஹைமா. எல்லோரும் சிரித்தார்கள். சத்திபாபுவும் சிரித்தார்.

மேசைமேல் மஸ்கட் விலாசம் எழுதிய உறை ஒன்று இருந்தது. உள்ளே மஞ்சள் புடவைப் படம்.

"கறுப்பு வெள்ளையில போட்டுத் தரேன், சத்தி. பச்சை தெரியாது" என்றார் இஸ்மாயில்.

"வேணாம் அண்ணா. அந்த மஞ்சளும் போயிடும். பச்சையோடவே போகட்டும். நீ வாங்கிக் கொடுத்த பாய்தான் காரணம்னு அவளுக்கு எழுதியிருக்கேன்."

ஹைமா அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். நான்கு வாரம் முன்பே, லோவக்காவின் கையிலேயே போயிருக்க வேண்டிய படம்.

பிறகு ஒரு சீட்டை எடுத்தாள். இந்த முறை இரண்டு வரியும் எழுதினாள். மறைக்காமல் கீழே தன் பெயரையும் போட்டாள். சத்திபாபு அதைத் தன் கேமராவுக்குப் பின்னால், சுவரில் ஒட்டினார்.

'குறை: தாடை பச்சையாக இருக்கிறது.

வழி: படம் எடுக்கும்போது பாயின் மேல் வெள்ளை வேட்டி விரிக்கவும்.'