பெட்டி நிறையாத வீடு

பன்னிரண்டாவதாகத் தன் வீட்டுப் பெட்டியும் நிறைந்துவிட்டது என்று அடுக்ககச் சங்கச் செயலாளர் லோகநாயகி கைபேசியில் அழைத்துச் சொன்னபோது, சென்னியப்பன் தன் வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு மடிப்பைக் கண்டுபிடித்திருந்தார். சட்டையைப் பேசாமல் நீட்டினார். மனைவி கோகிலா பேசாமல் வாங்கிக்கொண்டு மறுபடி இஸ்திரி போடப் போனாள்.

"ஏனுங்க," என்றாள் லோகநாயகி, "நாலே மாசத்துல நூறு பர்சன்ட்டா? எங்க வீட்ல தினம் ஒரு கொலை விழுகுதுன்னு மாடியில பேசிக்கறாங்க. நீங்க மாட்டுன பெட்டிதானே அது?"

"பயந்தாங்கொள்ளி வீட்ல பெட்டி நிறையத்தான் செய்யும். என் பெட்டியப் பாருங்க, பதினாலு பர்சன்ட்தான்."

"அந்தப் பெருமைய மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட வெச்சுக்குங்க. அஞ்சு மணிக்கு வர்றாங்கல்ல? அதுக்குள்ள சரி பண்ணலீன்னா, அவங்க லிஃப்ட்ல ஏறுறப்பவே உங்க வேலையோட லட்சணத்தச் சொல்லிப்போடுவேன்."

சொல்லக்கூடியவள்தான். சென்னியப்பன் கருவிப்பையை எடுத்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து கலகலத்தது.

கோவையின் அந்த அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை கேமராக் கண்கள் இருந்தன. நாள் முழுக்கத் தங்களைப் படம்பிடிக்க முதலில் யாரும் சம்மதிக்கவில்லை. அச்சமானி வந்தபிறகுதான் சம்மதித்தார்கள். மணிக்கட்டில் கட்டும் பட்டை அது. நாடித்துடிப்பையும் வியர்வையையும் வைத்துப் பயத்தைக் கண்டுகொள்ளும். வீட்டில் ஒருவர் பயந்தாலும் வாசலிலுள்ள பதிவுப்பெட்டிக்குக் கம்பிவழி சைகை போகும். உடனே கண்கள் பதியத் தொடங்கும். பயம் தெளிந்தால் பதிவு நிற்கும். எல்லோரும் உறங்கினால் பெட்டியும் உறங்கும். உள்ளிருக்கும் படத்தைக் குடும்பத்தலைவர் பார்க்கலாம். புகார் வந்தால் நீதிமன்றம் பார்க்கலாம். வெளியே தெரிவது, பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற எண் மட்டும்.

அந்த எண்தான் இப்போது குடும்ப கௌரவம். "ஜாதகம் கிடக்கட்டுங்க. உங்க பெட்டி பதினாலுன்னாங்க, அது போதும்," என்றே மாப்பிள்ளையின் அப்பா சொல்லியிருந்தார். மகள் தாரணியிடம் சென்னியப்பன் அதிகம் பேசவில்லை. "சாயங்காலம் வர்றாங்க," என்றார். "சரிங்கப்பா," என்றாள். எதற்கும் அவள் சொல்வது அதுதான். நல்ல வளர்ப்பு.

லோகநாயகி வீட்டு வாசலில் சென்னியப்பன் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடுகிறது.

"இப்ப எதுக்குப் பயப்படறீங்க?"

"உங்களப் பார்த்தா? எனக்கென்ன பயம்."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சென்னியப்பன் ஒரு காகிதப் பையை ஊதி, அவள் காதருகே படாரென்று உடைத்தார். லோகநாயகி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "கட்டையில போற மனுசா, நெஞ்சு நின்னுருக்கும்."

சென்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்திருந்தது. அவள் மூச்சு வாங்கி, திட்டி முடித்து, கடைசியில் சிரித்தபோது, மறுபடி எரிந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் அவர் மாட்டியதெல்லாம் திருடன் வந்தால் காட்டும் உணரிகள். ஆபத்தில்லாதவரை அவை கம்பியை இணைத்தே வைத்திருக்கும்; ஆபத்து வந்தால் துண்டிக்கும். அச்சமானி நேர் எதிர். அமைதியில் துண்டித்திருக்கும், பயத்தில் இணைக்கும். உணரி எந்த வகை என்று பெட்டிக்குச் சொல்ல உள்ளே ஒரு சின்ன விசை உண்டு. தன் வீட்டையும் சேர்த்துப் பதிமூன்று வீட்டிலும் பழைய கைப்பழக்கத்தில் ஒரே பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.

முதல் பெட்டியை அவர் மாட்டியது தன் வீட்டில்தான். அன்று தாரணி விளக்கத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இதுல வேற மாதிரி போட்டிருக்குங்க..." என்று தொடங்கினாள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "சரிங்கப்பா," என்று தாளை மடித்து வைத்துவிட்டாள்.

லோகநாயகி வீட்டு விசையை மாற்றினார். விளக்கு அணைந்தது. விஷயத்தைச் சொன்னார்.

லோகநாயகி பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "அப்ப எங்க பெட்டி நிறைஞ்சது நாங்க நிம்மதியா இருந்ததாலயா? இதப் போயி மறைச்சு மறைச்சு வெச்சோமே." உடனே மற்ற பதினோரு வீட்டுக்கும் செய்தி தட்டத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. "அப்ப நிறையாத வீடு..."

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் செய்தியைத் தட்டினாள். சென்னியப்பன் கருவிப்பையை மூடினார்.

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. மூன்று மாடி ஏறினார். அவர் பட்டறை வீட்டின் முன்னறையில்தான். விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் வெளியே போவதே இரண்டு மூன்று மணி நேரம். நூற்றுக்குப் பதினாலு. கணக்குச் சரியாக இருந்துவிடக் கூடாதே என்றிருந்தது. ஒரு நாளும் அவர் கை நீட்டியதில்லை. குடித்ததில்லை. குரல்கூட எப்போதாவதுதான்.

தன் வீட்டு வாசலில், பெட்டியின் மூடியைத் திறந்து, சோதனைத் திரையைச் செருகி, குடும்பத்தலைவருக்கான எண்ணை அழுத்தினார்.

சமையலறை. கரண்டிகளைக் கொத்தாகக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு தாரணி நடக்கிறாள். கலகலவென்று சத்தம். தோசை ஒன்றைத் தூக்கி, காலரில் மடிப்புத் தேடுவதுபோல் ஓரங்களை ஆராய்ந்து, பேசாமல் நீட்டுகிறாள். கோகிலா தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். கோகிலா இப்படிச் சிரிப்பாள் என்பது சென்னியப்பனுக்குத் தெரியாது. சத்தம் வாசலிலிருந்து வருகிறது, இந்த முறை நிஜச் சாவி. இருவர் முகமும் அப்படியே நிற்கிறது. பதிவு முடிந்தது.

அடுத்த பதிவு, அவர் வெளியே கிளம்பிய மறுநிமிடம் தொடங்குகிறது. அதற்கடுத்ததும். நாலு மாதத்தில் ஒரு படத்தில்கூட அவர் இல்லை.

கைபேசி ஒலித்தது. மாப்பிள்ளையின் அப்பா. "கீழ வந்துட்டோங்க. லிஃப்ட் வரட்டும்னு நிக்கறோம்."

"ஒரு பத்து நிமிசம் அங்கயே இருங்க," என்றார் சென்னியப்பன். "பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கோணும். இன்னும் கேக்கல."

விசையை மறுபக்கம் தள்ளினார். விளக்கு அணைந்தது. கதவுக்கு உள்ளே ஏதோ பேச்சு, மெல்லிய சிரிப்பு. பூ வைக்கிறார்களோ என்னவோ. அவர் சாவிக்கொத்தை ஒலிக்காமல் அவிழ்த்துப் பெட்டியின் மேல் வைத்தார். தன் வீட்டு அழைப்பு மணியை முதல்முறையாக அழுத்தினார்.

"யாருங்க?" தாரணியின் குரல். சிரிப்பு இன்னும் அதில் மிச்சமிருந்தது. விளக்கு எரியவில்லை.

"நான்தான்," என்றார், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

சிவப்பு விளக்கு எரிந்தது.