மியோவின் எடை

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ருமிக்கோ, ஐந்தாம் நாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீடு வந்தாள். நான் மரப்பொம்மையோடு வாசலில் நின்றேன். நருகோ ஊரில் மரப்பொம்மை கடைசல் பிடிக்கிறவன் பேத்தியை வேறு எப்படி வரவேற்பான்? பிறந்தபோது குழந்தை இருந்த அதே உயரம், அதே எடை: மூன்று கிலோ அறுபது கிராம். எங்கள் ஊர்ப் பொம்மைக்குக் கைகால் கிடையாது, தலையும் உடம்பும்தான். கழுத்தைத் திருப்பினால் கீச்சென்று அழும்.

அடியில் குழந்தைக்கு நினைத்திருந்த பெயரும் எழுதியிருந்தேன். மியோ.

என் மனைவி யசுயோ அதைக் கவிழ்த்துப் பார்த்து வெளிறிப்போனாள். ஏழாம் நாள்தான் பெயர் சூட்டுவோம். அதுவரை அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை.

"பிள்ளைக்கு முன்னாடி கட்டைக்குப் பேர் வச்சுட்டீங்களே. உங்க வாய்க்குத்தான் பூட்டில்லைன்னு நெனச்சேன்."

கையில்லாத கட்டை பெயரை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடும் என்று சிரித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பெயரெழுதிய தாளைச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பயறுச் சோறு சாப்பிட்டோம். அன்றிலிருந்து குழந்தை இளைத்தது. பால் நன்றாகத்தான் குடித்தது. டாக்டருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. மூன்றாம் வாரம் எடை இரண்டு கிலோ எழுநூறு.

அன்று மாலை பட்டறையில் பொம்மையைத் தூக்கினேன். மரம் காயக் காய எடை குறையும்.

இது கனத்தது.

குழந்தைக்காக இரவல் வாங்கிய தராசில் வைத்தேன். பேத்தி இழந்த முன்னூற்று அறுபது கிராமும் அதில் ஏறியிருந்தது.

மரத்தூள் வாசனைக்கு நடுவே பால் வாடை. நான் தீட்டிய சிவப்பு வாய் ஈரமாக இருந்தது.

உளியால் பெயரைச் சுரண்டினேன். மை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உள்ளறையில் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

உளியை விலக்கினேன்.

அழுகை திரும்பியது.

ருமிக்கோவின் காதருகே போய்ச் சொன்னேன். "அம்மாடி, அந்தப் பேர அந்தக் கட்டைக்கே விட்டுடலாம். நம்ம பிள்ளைக்கு வேற வைப்போம்."

அவள் குழந்தையின் விலாவைத் தடவிக்கொண்டே, "மொதல்ல அத எரிங்கப்பா," என்றாள்.

மறுநாள் காலை கோயிலில், துறவி மந்திரம் சொல்ல எரித்தோம். கழுத்து கருகும்வரை அது கீச்சிட்டது. பேத்தியைச் சயோ என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

பத்து நாளில் சயோ மூன்று கிலோ நூறு. தராசு முள்ளைப் பார்த்து யசுயோ கைக்குட்டையில்லாத குறைக்கு என் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தாள். நான் பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பிறகு ஏறத் தொடங்கியது.

ஒரு கிலோ. இரண்டு. மூன்றைத் தாண்டியும் நிற்கவில்லை.

தட்டில் யாருமில்லை. விரித்திருந்த துண்டு மட்டும் நடுவில் மெல்லக் குழிந்துகொண்டிருந்தது.