மூன்றாவது கோடு

ஹால் சுவரில் அவள் இழுத்தவை இரண்டு கோடுகள்தான். இப்போது மூன்றாவதாக ஒன்று நின்றது.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். பத்தடி ஹால் மூச்சு முட்டுகிறதென்று, போன வாரம் எதிர்ச்சுவர் முழுக்கச் சாம்பல் நிறமடித்து, கீழ் மூலைகள் இரண்டிலிருந்தும் இரண்டு வெள்ளைக் கோடுகளை மேலே ஒரு புள்ளியில் சேரும்படி இழுத்திருந்தாள். அவ்வளவுதான் ஓவியம். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் சுவர் இருந்த இடத்தில் நீளமாக ஒரு சாலை கிடக்கும்.

"இதுக்குப் பேரு ஓவியமா? நான் இதுக்குள்ளயே வாக்கிங் போயிட்டு வரேன்" என்று காலையில்கூடக் கணவன் கிண்டலடித்தான்.

"போய்த் தொலைங்க" என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

இப்போது அந்தச் சாலையின் நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு, செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு.

"யாருடி சுவத்துல கிறுக்கினது?"

"நான் இல்லம்மா." ஐந்து வயது மகள் பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். "அது அப்பா."

வாசலில் அவன் செருப்பு கிடந்தது. கைபேசி மேசைமேல் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தாள்: இருபது சென்டிமீட்டர். ஈரத்துணியால் தேய்த்தாள், போகவில்லை. மறுபடி அளந்தாள். பதினேழு. சுவரில் காதை ஒட்டவைத்தாள்: புதுப் பெயின்ட் வாசனை, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில், சரளைக்கல்லில் வெறுங்காலோடு யாரோ நடக்கிற ஓசை, நின்று நின்று அவள் பெயரைக் கூப்பிடுகிற குரல்.

உடைத்தாவது இழுத்துவிடலாம். சுத்தியல் எடுக்கப் பால்கனிக்கு ஓடினாள்.

திரும்பியபோது தரையில் பொம்மை மட்டும் கிடந்தது.

சுவரில் இன்னொரு கோடு. கட்டைவிரல் அளவு.

ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி. காரை பெயர்ந்தது. பெரிய கோடு இரண்டாக முறிந்து அவள் காலடியில் விழுந்தது. குரல் பாதிப் பெயரில் நின்றது.

துளைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை. வெயில். "என்னக்கா பண்றீங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்று அலறினாள் பக்கத்து வீட்டுக்காரி.

சுத்தியல் நழுவியது.

துளையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. மயிரளவு. தொட்டால் நீளும். தொடாமலும் நீண்டது. அதற்கு நேர் கீழே அந்தச் சின்னக் கோடு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல், அப்படியே நின்றது.